நனைந்த திரியும் நண்டைச் சுட்ட டச்சுக்காரனும்

மழையில் நனைந்த திரி எரியாது. பட்டாசு வெடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து பொம்மைப்படம் எடுத்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களோடு சண்டை போட்டுத் தோற்றவன் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு. ஆனால் ஊரில் நின்றதில்லை. லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டி, பிறகு எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கிற வேலை. அங்கே ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரன் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்துச் சாமான். குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, எரிகிற கயிற்றுத் திரியால் பற்றவைக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைத் தினமும் துடைத்துத் துடைத்து எனக்கு மனப்பாடம். (துப்பாக்கியைத் தொட்டதில்லை. கண்ணாடியைத்தான் தொட்டிருக்கிறேன்.)

அந்த வேலையும் போய் ஊர் திரும்பியபோது, ஏரியைப் பார்க்க ஒரு படக்குழு வந்தது. டச்சுக்காரன் காலத்தில் ஏரியிலிருந்து ராட்சத நண்டு கிளம்புகிற மாயாஜாலப் பொம்மைப்படமாம். டீக்கடையில் அட்டையை அப்படியே ஒப்பித்தேன். என்னை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே சமயம் ஆரம்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் கோமளா. அவள் அப்பா ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிக்கிறவர்.

"ஊரு சுத்துறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். இப்ப இன்னா வேலை?" என்றார்.

"சினிமா கம்பெனில துப்பாக்கி ஆலோசகர் மாமா."

"படத்துல பேரு வருமா?"

"பெருசா வரும்."

"வரட்டும். பார்த்துட்டுத் தேதி குறிக்கலாம்."

கம்பெனியில் உடம்பை ஒட்டின கறுப்பு உடுப்பை மாட்டி, அதன்மேல் வெள்ளைப் பொட்டுகளை ஒட்டினார்கள். என் அசைவைக் கம்ப்யூட்டரில் பிடித்து டச்சுச் சிப்பாய்க்குக் கொடுப்பார்களாம். துப்பாக்கிக்குப் பதில் தரை துடைக்கிற மாப்புக் கட்டை.

"அண்ணா, இந்த சீன்ல நல்ல மழை. நீங்க பத்து தடவ சுடணும்" என்றான் டைரக்டர்.

"மழைல திரி அணைஞ்சிரும் தம்பி."

"மாயாஜாலப் படம்ணா இது."

"மாயாஜாலம் ராட்சத நண்டுக்குத்தானே? துப்பாக்கி நெசத் துப்பாக்கிதானே?"

"அண்ணா செம காமெடி!"

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. துப்பாக்கியின் ஒவ்வோர் ஆணியையும் போட்டோ பார்த்து வரைகிறார்கள். அது நனைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்!

பிறகு, "கோலால எப்படிண்ணா இடிக்கணும்?" என்று கேட்டான். அட்டையில் 'இடித்து' என்றுதான் இருந்தது. எப்படி என்று இல்லை. தெரியாது என்று சொன்னால் ஆலோசகர் பட்டம் போய்விடும். என் கைகள் தமக்குத் தெரிந்ததைச் செய்தன. டைரக்டர் கைதட்டினான்.

படம் வந்ததும் இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய இரு வீட்டாரும் பொன்னேரிக்கு மத்தியானக் காட்சிக்குப் போனோம். ஏரியிலிருந்து ராட்சத நண்டு எழுந்தது. மீனவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

"நண்டைப் பார்த்து நம்மாளு ஓடுறானா?" என்று எழுந்துவிட்டார் கோமளாவின் அப்பா. "யோவ் ஆலோசகரே, நீ இன்னா புடுங்கிட்டு இருந்த?"

அவர் கேட்டது நியாயம். திரிக்காகச் சண்டை போட்ட நான், கதையில் ஊர்க்காரன் என்ன செய்கிறான் என்று கேட்கவே இல்லை.

அப்போது மழையில் ஒரு டச்சுச் சிப்பாய் வந்தான். வெள்ளை முகம், மஞ்சள் மீசை, இறகு வைத்த தொப்பி. உள்ளங்கைகளில் எச்சில் துப்பித் தேய்த்தான். கோலைத் துப்பாக்கி வாயில் விட்டு, வயிற்றைக் கொடுத்து அழுத்தி, இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இறக்கினான். கடைசியில் கோலின் தலையில் இரண்டு தட்டு. வலை கட்ட ஏரிச் சேற்றில் சின்ன வயதில் நான் கழி ஊன்றியது அப்படித்தான். பிறகு, அந்த வயதிலேயே திருக்கை மீன் முள் குத்தி நொண்டியான என் வலது காலை இழுத்து இழுத்து நடந்து போய், எங்கள் ஜனம் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று சுட்டான். பத்து தடவை. மழையில்.

"டேய், நம்ம அண்ணன்டா அது!" என்று கத்தினான் என் தம்பி. இரண்டு வரிசையும் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் பெயர்கள் ஓடின. டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை.

"பேரு எங்கடா?" என்றார் கோமளாவின் அப்பா. கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத கோமளா வாயைத் திறந்தாள். "பேரு எதுக்கு நைனா? டச்சுக்காரனுக்குக் கழி ஊணத் தெரியுமா? இந்தாளு போயி நெசமா வேல செஞ்சிருக்காரு."

அவர் யோசித்தார். "அப்ப நம்மாளு ஓடுனது?"

"அது படம் எடுத்தவன் புத்தி."

தேதி குறித்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்து பெயர் என்னாச்சு என்று கேட்டேன். "எடிட்ல போயிருச்சுண்ணா" என்றான் டைரக்டர்.

ஆண்டுகள் ஆகிவிட்டன. என் பிள்ளைகள் சண்டை விளையாட்டு ஆடினால், டச்சுக்காரனாக வருகிறவன் நொண்டியே ஆக வேண்டும். நண்டைப் பார்த்து யாரும் ஓடக் கூடாது. அது என் மாமனார் போட்ட சட்டம். மழை பிடித்தால் மட்டும் கோமளா விறகை நனையவிட்டுவிட்டுக் கூப்பிடுவாள்: "டச்சுக்காரரே, அடுப்பு பத்த மாட்டேங்குது. உன் திரியைக் கொண்டா!"

நனைஞ்சா எரியாதுடி என்று இன்றைக்கும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.