கட்டிங் மாஸ்டர் வெட்டிய குளியலறை

உலகத்தில் இருக்கிற அத்தனையும் துணிதான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஜோகுபாளையம் கட்டிங் மாஸ்டர். பூமி உருண்டையாக இருப்பதிலேயே அவருக்குக் குறை உண்டு. "நாலு இடத்துல மடிச்சு டார்ட் புடிக்காம உருண்டைக்கு எப்படி சார் ஃபிட்டிங் வரும்?"

அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கழுத்தில் டேப், காதோரம் சாக்பீஸ், அவ்வளவுதான் அடையாளம். கேஸ் சிலிண்டருக்குச் சட்டை தைத்தார், புக்கிங் சீட்டு வைக்கப் பாக்கெட்டோடு. ஸ்கூட்டருக்கு மழைக்கோட்டு தைத்தார், இரண்டு ஹேண்டிலுக்கும் முழுக்கை வைத்து. மழையில் அது நிற்கும்போது யாரோ கைகளை விரித்து பஸ்ஸை மறிப்பதுபோல இருக்கும். மாடியில் குடியிருந்த நான், வானம் பார்ப்பவனைப்போலத் தினமும் அவரைப் பார்ப்பேன். இன்றைக்கு எதை அளப்பார்?

ஒருநாள் குளியலறையை அளந்தார்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா அங்கேதான் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பழைய சிவப்பு ஆக்சைடு தரை, ஈரம் பட்டால் கண்ணாடி. மாவுக்கட்டோடு அத்திபெலேயில் மகள் வீட்டுக்குப் போனவர், போனில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "அந்தத் தரை மாறுற வரைக்கும் நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

தரையை உடைக்க ஓனர் சம்மதிக்கவில்லை. மேலே வேண்டுமானால் வழுக்காத வினைல் ஷீட் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்கு ஆள் கூப்பிடலாமே என்றேன். மாஸ்டர் புண்பட்டுப்போனார்.

"ஷீட்டுதானே சார்? வெட்டணும், அவ்ளோதானே? இத்தனை வருஷமா நான் வேற என்ன பண்றேன்?"

செய்தித்தாள்களை ஒட்டித் தரைக்கு அச்சு எடுத்தார். கமோடு பின்சுவரை ஒட்டி, வலது பக்கம் இருந்தது. அதன் அடியைச் சுற்றிக் காகிதத்தை வளைத்து வெட்டி, "யூ நெக்" என்றார் பெருமையாக. தண்ணீர் போகும் துளைமூடியான ஜாலி நட்டநடுவில். ஓரங்களில் ஒரு இஞ்ச் கூடுதல். "தையலுக்கு!" யார் தைக்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு வெராண்டாவில் வினைலைக் குப்புறப் போட்டார்.

"ஏன் மாஸ்டர் குப்புற?"

"நல்ல பக்கத்துல சாக்பீஸ் படக்கூடாது சார். தொழில் தர்மம்."

காகிதத்தை அதன் முதுகில் விரித்துக் கோடு போட்டார். கத்திரி, சரிவில் இறங்கும் மழைத்தண்ணீர்போலத் தயங்காமல் ஓடியது. இரண்டு பேருமாகச் சுருட்டி உள்ளே கொண்டுபோய், நிமிர்த்தி விரித்தோம்.

யூ நெக் இடது பக்கம் இருந்தது. கமோடு வலது பக்கமே இருந்தது.

ரவிக்கையை எந்தப் பக்கம் போட்டு வெட்டினாலும் கழுத்து நடுவில்தான் வரும். குளியலறை அப்படித் தைக்கப்படவில்லை; குப்புற வெட்டி நிமிர்த்தினால் வலது இடதாகிவிடும். ஜாலி மட்டும் தப்பித்தது.

"மாஸ்டர், கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் இருக்கே!"

"சிரிக்காதீங்க சார். நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அவ வர்றா."

இன்னொரு ஷீட்டுக்காகக் கடைக்கு போன் போட்டோம். "ஸ்டாக் இல்லா சார், ஆய்த்து." தீர்ந்துவிட்டதாம். வைத்தவுடன் ஸ்டெல்லா அக்கா அழைத்தார். "ஏங்க, தரை ஆச்சா?"

"ட்ரயல் பாத்துட்டிருக்கேன்" என்றார் மாஸ்டர். அந்தக் குரல் ஒரு சைஸ் சுருங்கியிருந்தது.

அரைமணி நேரம் கமோடையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்தார். வெட்டிப்போட்ட நாக்கு வடிவத் துண்டை எடுத்து இடது பக்கத்து யூவுக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கம் புதிதாக ஒரு கழுத்து வெட்டினார். அடியில் பசை, மூட்டுகளில் சிலிக்கான். அன்று முழுக்க அந்தப் பக்கம் ஈயைக்கூட விடவில்லை.

மறுநாள் ஞாயிறன்று, கட்டுப் பிரித்த கையோடு வந்த அக்கா குளியலறை வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தார்.

"அங்க என்னங்க ஒட்டுப் போட்டிருக்கு?"

"டிசைன்."

"என் கல்யாண ஜாக்கெட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க."

குளிக்க உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார்.

"வழுக்குதா?"

"இல்ல."

தண்ணீர் விழும் சத்தம்.

"இப்ப?"

"இல்லங்க."

"சோப்பு போட்டப்புறம் சொல்லு."

"இன்னொரு தடவ கேட்டா நான் அத்திபெலேக்கே போயிடுவேன்!"

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. நகரவும் இல்லை.

இப்போது நான் வேறு பேட்டையில் இருக்கிறேன். வழுக்காத டைல்ஸ் போட்ட குளியலறை. சில நாள் குளிக்கும்போது குழாயைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கதவுப் பக்கம் காது கொடுத்துப் பார்ப்பேன். யாரும் கேட்பதில்லை.