ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

முந்திரித் தோப்பு வளைவில் ஜீப் மறுபடியும் நின்றது. நாகமுத்து இறங்கி பானெட்டைத் தூக்கினான். ஆவி முகத்தில் அடித்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் வைகாசி வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.

முன்சீட்டில் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் சுப்பராயன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். இந்த மாதத்தில் இது நான்காவது முறை. கள்ளச்சாராய அடுப்பைப் பிடிக்கப் புறப்படுவார்கள், வழியில் வண்டி கொதிக்கும், அது ஆறுவதற்குள் ஏழெட்டு சைக்கிள்காரர்கள் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். இவர்கள் போய்ச் சேரும்போது அங்கே சாம்பல்தான் இருக்கும். அதுவும் தண்ணீர் தெளித்து அணைத்த சாம்பல்.

இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டார். "நாகமுத்து, மாசக் கடைசிக்குள்ள ஒரு அடுப்பாவது புடிக்கணும். இல்லேன்னா நீ ஊட்டுக்குப் போயிடு. நான் வேற டிரைவர பாத்துக்கறேன்."

ஆறு வருஷமாகத் தற்காலிக டிரைவர். அவனை நிரந்தரமாக்கும் ஃபைல் திருவள்ளூரில் ஏதோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. நாகமுத்துவுக்கு அழுகை வந்தது. வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

யுத்தத்தில் ஓடிக் களைத்து, ஏலத்தில் வந்து சேர்ந்த வண்டி அது. ஸ்டேஷனில் கொட்டகை இல்லாததால் ராத்திரி அவன் வீட்டு வாசலில்தான் நிற்கும். அன்று சாயங்காலம் அதைப் புதுவாயல் மெக்கானிக் துளசிராமனிடம் ஓட்டிப்போனான். வெள்ளைக்காரன் குளிருக்கு வைத்த சாமான் நமக்கு எதற்கு என்று துளசிராமன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மூலையில் போட்டார். அடுத்த முறை ஜீப் முந்திரித் தோப்புக்கு இரண்டு மைல் முன்னாலேயே கொதித்தது.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஈரச் சாக்கை ரேடியேட்டர் முகப்பில் கட்டினான். வந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் சாக்கு தடுத்துவிட்டது. சாக்கு வேண்டாமென்று பானெட்டையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டினான். ரேடியேட்டர் மூடி தெறித்து, பழுப்புத் தண்ணீர் இன்ஸ்பெக்டர் சட்டையில் விழுந்தது. காக்கி என்பதால் கறை தெரியவில்லை, சூடு தெரிந்தது.

துளசிராமன் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து பார்த்தார். கெட்டியாக ஏதோ பழுப்பாகச் சொட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்து, "துரு. உங்க ஊரு தண்ணி அப்புடி. நல்ல தண்ணியா பாத்து ஊத்து நைனா," என்றார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது மனைவி கோவிந்தம்மாவின் வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து ஊற்றி வைத்துவிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் அவனைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டாள். இனிமேல் கோயில் கிணற்றிலிருந்தே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

"நீ இன்னாத்துக்குய்யா பேஜாரு படற? தண்ணிய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

அவள் தம்பி செங்கல்வராயன் அன்று வந்திருந்தான். பொன்னேரி அரிசி மில்லில் வேலை. வாரம் ஒருமுறை அக்காவுக்கு ஏரி மீனும் கூழுக்குக் கேழ்வரகு மாவும் கொண்டுவருவான். பழைய ஜீப் என்றால் கொதிக்கத்தான் செய்யும், மனசை விடக்கூடாது என்று அவனும் மாமனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் கோயில் கிணற்றுத் தண்ணீரோடு புறப்பட்ட ஜீப் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

மாதக் கடைசி வந்தது. முதல் நாளே துளசிராமன் சோடா உப்புப் போட்டு ரேடியேட்டரை அலசிக் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் தன்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டார். விடியற்காலையில் கோவிந்தம்மாவுக்கு அனலாய்க் காய்ச்சல். நாகமுத்துவே குடத்தை எடுத்தான். அவள் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ தொடாத. நான் வந்து ஊத்தறேன்," என்றாள். அதைச் சொல்வதற்குள் பல் தந்தியடித்தது.

இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு நல்ல புடவைகூட வாங்கித் தரவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான். அவளைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்துக் கிணற்றில் கிடைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு புறப்பட்டான்.

ஊர் எல்லை தாண்டியது. முந்திரித் தோப்பு வளைவும் தாண்டியது. நாகமுத்து ரோட்டைப் பார்த்ததைவிட சூடு காட்டும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தான். முள் அசையவே இல்லை. ஏரிக்கரைப் புதருக்குள் ஜீப் நுழைந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஊறல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். புகைக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் நாகமுத்துவின் முதுகில் தட்டினார். ஃபைலுக்குத் தன் கைப்படவே சிபாரிசு எழுதுவதாகச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான். பானைகளை எண்ண அவர் நகர, கான்ஸ்டபிள்கள் பிடிபட்டவனை விலங்கோடு பின்சீட்டில் தள்ளினார்கள். நாகமுத்து திரும்பிப் பார்த்தான். செங்கல்வராயன்.

அவன் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. முன்பக்கம் குனிந்து, நாகமுத்துவின் காதருகே மெதுவாகக் கேட்டான்.

"இன்னா மாமா, அக்கா இன்னிக்கு ரேடியேட்டர்ல கேவுரு மாவு போடலயா?"