தேக்சாவுக்கு நாலாவது கால்

நான் சிவில் இன்ஜினியர். என் பொறுப்பில் இதுவரை சரிந்து விழுந்த கட்டுமானம் ஒன்றே ஒன்றுதான். அதன் உயரம் ஒன்றரை அடி. அது தாங்க வேண்டியிருந்தது பாலத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ அல்ல, ஒரு பிரியாணி தேக்சாவை, அதாவது அண்டாவை. அதை நிற்க வைக்கக்கூட எனக்குத் துப்பில்லை. படித்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படித்து முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, ஒரு வருடம்கூட ஆகாதவர்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். அவர்கள் கையில் எதையும் கொடுக்காதீர்கள். அதிலும் போனில் லெவல் பார்க்கும் வசதி வைத்திருப்பவர்களை அடுப்பு இருக்கும் திசைக்கே விடாதீர்கள்.

அப்போது நாங்கள் நெய்வேலியில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் அத்தா (அப்பாவை நாங்கள் அத்தா என்போம்) நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டர். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, கிரீஸும் புழுதியுமாக முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ரிட்டையர் ஆகும் நாளில் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வந்தவர்களுக்கு அந்த வீட்டில் சாப்பாடு. அத்தா அப்படி எத்தனையோ பேரை வீட்டில் கொண்டுபோய் விட்டு, எத்தனையோ வீடுகளில் கை நனைத்திருக்கிறார். (தீபாவளி, பொங்கல் என்று சாப்பிட்டது தனி.)

அவர் முறை வந்தபோது அம்மா, "அறுபது பேருக்கு யாருங்க நின்னு செய்யிறது? கேட்டரிங்ல சொல்லிடலாம்" என்றாள்.

"வாணாம்," என்றார் அத்தா. "காலம் பூரா அவனுங்க வூட்டுல சாப்ட்டுக்கினு இருந்தேன். ஒரு நாளாச்சும் என் வூட்டுல, என் அடுப்புல வெந்தத அவனுங்க சாப்புடணும். குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டா அப்பறம் எப்ப?"

அத்தா வாயைத் திறந்து தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போயும் போயும் அதில்தான் நான் கையை வைத்தேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து சலீம் பாய் வந்தார். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடும் பண்டாரி. எங்கள் கொல்லை ஒரு பக்கம் பலாமரத்து வேர்கள் முண்டிக்கொண்டு மேடாக நிற்கும். மறுபக்கம் சாக்கடையை நோக்கிச் சரியும். நடுவில் ஒரு தட்டு வைத்தால்கூட ஆடும். பாய் ஒரு சுற்று நடந்து பார்த்தார். மேடாக இருந்த பக்கத்தை மண்வெட்டியால் கொத்தி இறக்கினார். தண்ணீர் தெளித்து மிதித்தார். மூன்று கருங்கல்லை முக்கோணமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு உதை உதைத்துப் பார்த்து, "ம்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நான் போனை எடுத்து ஒரு கல்லின் மேல் வைத்தேன். "பாய், இது லெவல்ல இல்ல."

"கல்லு லெவலா இருந்து இன்னாம்மா பண்ணப் போவுது? தேக்சா ஆடக் கூடாது. அவ்வளவுதான்."

"மூணு கல்லுல எப்படி பாய் ஆடாம நிக்கும்? நாலு சப்போர்ட் வேணும். மேசைக்கு நாலு கால், கட்டிலுக்கு நாலு கால்..."

"மூணு கல்லு எந்த மேடு பள்ளத்துலயும் ஒக்காந்துக்கும்மா. நாலு வெச்சா ஒண்ணு அந்தரத்துல நிக்கும். அப்பறம் அதுக்கு முட்டுக் குடுத்துக்கினே இருக்கணும்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது நான் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். தினமும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதன் பின்னால் நிற்பேனோ, அந்த லெவல் பார்க்கும் கருவியின் ஸ்டாண்டுக்கு எத்தனை கால் தெரியுமா? மூன்று. கரடு முரடான தரையெல்லாம் அதை என் தோளில் சுமந்து நடந்திருக்கிறேன். ஏன் மூன்று கால் வைத்தார்கள் என்று ஒரு நாளும் என் மூளைக்கு உறைத்ததில்லை. (மூளை இருந்தால்தானே உறைப்பதற்கு.)

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலில் இரும்பு ஸ்டாண்டு பிடித்தேன். சைட்டில் இருந்த வெல்டரிடம் சொல்லி, நாலு கால் வைத்து ஒன்று செய்து கொண்டுவந்திருந்தேன். பாய் போட்ட கற்களைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அதை நிறுத்தினேன். அவர் சொன்ன மாதிரியே மூன்று கால் மண்ணில் உட்கார்ந்தது. சாக்கடைப் பக்கத்துக் கால் இரண்டு விரற்கடை மேலே தொங்கியது. நான் அசந்துவிடுவேனா? சைட்டில் கான்கிரீட் போடும்போது, பலகையைத் தாங்கும் முட்டுக்கு அடியில் மர ஆப்பு அடித்து உயரத்தைச் சரி செய்வோம். அந்த ஞாபகம் வந்தது. விறகுக் குவியலிலிருந்தே ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துச் சீவி, அந்தக் காலுக்கு அடியில் அடித்தேன். போனில் குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது. அதைப் படம் எடுத்து, 'துல்லியம்' என்று எழுதி ஸ்டேட்டஸ் வேறு போட்டேன். தூ!

"அடுப்புக் காலுக்குப் போயி மரத்த வெக்கிறியேம்மா," என்றார் பாய்.

"நெருப்பு நடுவுல இருக்கு பாய். ஆப்பு ஓரத்துல இருக்கு."

பாய் அத்தாவைப் பார்த்தார். அத்தா கடைசி நாள் டூட்டிக்குக் கிளம்பி வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். "வுடுங்க பாய். எம் பொண்ணு இன்ஜினியரு. அது பாத்துக்கும்," என்றார்.

அந்தக் குரலில் இருந்த பெருமையை நினைத்தால், இப்போதும் என்னைப் பிடித்து நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது. மலை மாதிரி இயந்திரங்களுக்கு போல்ட் முடுக்கிய மனிதருக்கு, எது ஆடும், எது ஆடாது என்று தெரியாதா? தெரியும். மகள் சொல்கிறாளே என்று விட்டுக் கொடுத்தார்.

கறி வெந்தது, அரிசி வெந்தது, பகல் பன்னிரண்டரை மணிக்கு தம் போட்டாயிற்று. அதுவரை ஸ்டாண்டு கம்பீரமாகத்தான் நின்றது. பாய் அடியிலிருந்த தணலில் பாதியை அள்ளி மூடியின் மேல் கொட்டினார். மீதியை ஓரமாக இழுத்துவிட்டார். (எந்த ஓரம்? நெருப்பே வராது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேனே, அந்த ஓரம்.)

"லுஹர் தொழுதுட்டு வந்துடறேன். மூடியத் தொறக்காத. ஸ்டாண்டு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நானும் கண்ணை வைத்தேன், போன் மேல். என் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு புகை வாடை வந்தது. ஆஹா, தம் ஏறுகிறது என்று மூச்சை இழுத்து ரசித்தேன். அது ஆப்பு எரிகிற வாடை. அடுப்பில் எரிந்ததும் சவுக்கு, நான் காலுக்கு அடியில் வைத்ததும் சவுக்கு. இது விறகு, இது இன்ஜினியர் அம்மா வைத்த ஆப்பு என்று நெருப்புக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஒன்றரை மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. பின்னாலேயே வரிசையாக பைக்குகள். கழுத்து கொள்ளாத மாலையோடு அத்தா இறங்கினார். வந்தவர்களை வீட்டுக்குள் உட்கார வைக்கவில்லை. "மொதல்ல கொல்லைக்கு வாங்கப்பா, தம்முல இருக்குது, வந்து பாருங்க" என்று பக்கத்துச் சந்து வழியாக நேரே கூட்டிக்கொண்டு வந்தார். பிரியாணியைக் காட்ட அவருக்கு அவ்வளவு ஆசை.

அவர் கொல்லையில் காலை வைத்தார். ஸ்டாண்டு கிறீச்சென்றது. நாலாவது கால் ரொம்ப நிதானமாகக் கீழே இறங்கியது. தேக்சா சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. நான் வெறுங்கையால் பிடிக்க ஓடினேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். (அவள் இழுக்காவிட்டால் இதை எழுத எனக்கு விரல் இருந்திருக்காது.) மூடி தணலோடு சறுக்கி விழுந்தது. அடுத்து தேக்சா உருண்டது. பாதிக்கு மேல் பிரியாணி சாம்பலோடு கலந்து, சரிவைப் பிடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அத்தா மாலையைக் கழற்றித் துணி காயும் கொடியில் போட்டார். பிறகு அறுபது பேரையும் பார்த்துக் கையைக் குவித்து, "மன்னிச்சிக்குங்கப்பா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்று நினைத்தேன். நெய்வேலியில் பூமியைப் பிளப்பதற்கென்றே அத்தனை இயந்திரங்கள் நிற்கின்றன. ஒன்றாவது எங்கள் பிளாக் பக்கம் வந்து தொலைக்கவில்லை.

அத்தாவோடு ஒரே ஷிப்டில் இருந்த கலியபெருமாள் மாமாதான் முதலில் குனிந்து தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். "டேய் கரீமு, இதுக்குப் போயி இன்னாடா? இத்தினி வருஷமா மேல் மண்ணத் தள்ளிட்டு அடியில இருக்கறத எடுத்தோம். இன்னிக்கு மேல இருக்கறத எடுத்துக்கினு அடியில சாம்பலோட கெடக்கறத வுட்டுடுவோம். நமக்குத் தெரிஞ்ச வேலதான்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தேக்சாவுக்குள் தங்கியது இருபது பேருக்கு வந்தது. பக்கத்து வீட்டு செல்வி அக்கா, திருநெல்வேலிக்காரர், மதில் மேல் தலையை நீட்டி, "ஏட்டி, ஒரு பானைய ஒழுங்கா வைக்கத் தெரியலையே, நீ கெட்டுன வீட்டுல எவன்ட்டி குடியிருப்பான்?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுச் சாம்பாரையும் சோற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம், கடைசி வீட்டிலிருந்து தயிர் சாதம், யார் வீட்டிலிருந்தோ காலை மிஞ்சிய இட்லி. தொழுகை முடிந்து வந்த சலீம் பாய் எல்லாவற்றையும் பார்த்தார். நான் தூக்கிப் போட்ட மூன்று கல்லையும் பழையபடி போட்டு, எல்லாருக்கும் டீக்குத் தண்ணீர் வைத்தார். அது ஆடவே இல்லை.

வந்தவர்கள் வயிறு நிறையத்தான் போனார்கள். ஆனால் ஒரே ஒரு நாள் தன் வீட்டுச் சோற்றை மற்றவர்களுக்குப் போட ஆசைப்பட்ட என் அத்தா, அன்றைக்கும் மற்ற வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டார். நான் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் கழித்து, "அந்த ஸ்டாண்டு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சைட்டுக்கே அனுப்பிட்டேன் அத்தா."

"பாவம், அங்க யாரு தலையில வுழப் போவுதோ," என்றார்.

இரண்டு வருடம் கழித்து குறிஞ்சிப்பாடியில் எனக்கு நிக்காஹ். அத்தா அந்த அறுபது பேருக்கும் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார். சலீம் பாய் சமைக்க ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: "கல்யாணப் பொண்ணு சமையல் பக்கம் வரக் கூடாது. வந்தா கரண்டிய வெச்சிட்டுப் போயிடுவேன்." டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒவ்வொருவரும் நேரே மண்டபத்தின் பின்பக்கம் போய், தேக்சாவைப் பார்த்து, "நிக்குதுப்பா" என்று ஊர்ஜிதம் செய்துகொண்டுதான் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார்கள்.

நிக்காஹ் நேரம் வந்தது. ஹஜ்ரத் தயார், மாப்பிள்ளை தயார், பெண்ணின் தகப்பனைக் காணோம். தேடிப் போனால், புதுச் சட்டையோடு தேக்சாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "தம்மு முடியட்டும், வர்றேன்" என்கிறார். சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள், அம்மா திட்டினாள், மனிதர் அசையவில்லை. கடைசியில் கலியபெருமாள் மாமா வந்து, "நான் பாத்துக்கறேன்டா, போயி பொண்ணக் கட்டிக் குடு" என்று அதே ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து வந்தார். அன்று அந்த அறுபது பேருக்கும் தன் கையாலேயே பரிமாறினார். போதும் போதும் என்றவர்களையும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் இன்றுவரை எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் இலையை மடித்ததில்லை: "உன்ன என் கையில புடிச்சிக் குடுக்க உங்க அத்தாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆவல. தேக்சாவ ஒருத்தர் கையில குடுக்கத்தான் மனுஷன் அரை மணி நேரம் யோசிச்சாரு."