தாய்மாமனுக்கு முன்னால் நாய்

குடும்பப் படத்தைப் பற்றி எழுதியதில் நாய்க்கு அடுத்ததாகத்தான் தாய்மாமன் முத்துலிங்கம் வந்தார். லோஜனின் போன் அதைச் சத்தமாக வாசித்ததும் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாய்க்குப் பின்னாலயாடா நானு? இருவது வருசம் தோட்டத் தலைவரா இருந்தவன்டா."

இடப்பக்கத்திலிருந்து வரிசையாக எழுதியதாக லோஜன் சொன்னான். இடப்பக்க ஓரத்தில் நாய்தான் நின்றது.

பூண்டுலோயாவில் போன் திருத்தும் கடை வைத்திருந்த லோஜனுக்குச் சொந்தமாக ஒரு இணையத்தளம் இருந்தது. கல்யாணத் தரகர் அதைத்தான் ஹட்டனில் ஆசிரியையாக இருக்கும் ஜெயந்தினிக்கு அனுப்பினார். ஜெயந்தினிக்குப் பார்வை இல்லை. அவளுடைய போன் எழுத்துகளை வாசித்துக் காட்டும். திங்கட்கிழமை அவளே அழைத்தாள். அவனுடைய குடும்பப் படம் வரும் இடத்தில் போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறதாம். அதில் இருப்பதை உள்ளபடி எழுதி வைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும்போது பதில் சொல்வதாகச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு லோஜன் ஒருவருடைய போனின் மூடியை இன்னொருவருடைய போனில் மாட்டிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை உள்ளபடியே எழுதித் தளத்தில் போட்டான். அது தீபாவளிக்குப் போனைச் சாய்த்து வைத்து எடுத்த படம். சரியாக அந்த நேரத்தில் பக்கத்து லயத்து வீடுகளில் வெடி போட்டார்கள். ஆகவே, "எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். பின்னால் சுவரில் மாலை போட்டிருக்கும் அப்பா மட்டும் கண் திறந்து பார்க்கிறார்" என்று முடித்திருந்தான்.

புதன்கிழமை மாமாவை நாய்க்கு முன்னால் ஏற்றினான். உடனே அத்தை ராசம்மா, பெண் கொடுத்தவர்கள் முதலில், அண்ணனோடு கூடப் பிறந்தவள் கடைசியிலா என்று கேட்டுவிட்டு, போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள். இருவரையும் சமாதானப்படுத்த அம்மா நாகலெட்சுமி குடும்பத்தில் முன்பு நடந்த ஒரு கல்யாணத்தின் பத்திரிகையைக் கொண்டுவந்து, அதில் உள்ள முறைப்படி எழுதச் சொன்னாள். பெயருக்கு முன்னால் பட்டம், பின்னால் தேயிலைத் தோட்டத்தின் பெயர், மேப்பிரிவு, கீழ்ப்பிரிவு எல்லாம் சேர்ந்தன. பத்திரிகையில் இருந்ததால் கினிகத்தேனைச் சித்தப்பாவும் சேர்ந்தார்.

"அவரு படத்துலயே இல்லையேம்மா."

"அந்தப் புள்ளைக்கு எப்படிடா தெரியும்?"

கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாரும் "சிரித்த முகத்துடன்" என்று மாற்றப்பட்டார்கள். கடைசியில் அம்மா அப்பாவிடம் வந்தாள்.

"நல்ல காரியம் பேசுற நேரத்துல மாலை போட்ட படம் வேணாம்பா," என்றவள், பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் ஒரே சட்டியைக் கழுவினாள். லோஜன் அப்பாவை எடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை போன் அதை வாசித்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. இவ்வளவு நீளத்தை யார் கேட்பார்கள்? குறைத்தே ஆக வேண்டும். மாமாவில் கை வைக்க முடியாது. அத்தையில் முடியவே முடியாது. நாயை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் அவனேதான். லோஜன் தன்னை எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய ஹட்டனுக்குப் போனார்கள். முத்துலிங்கம் வாசலில் ஒரு செருமல் செருமியதும், உள்ளேயிருந்து ஜெயந்தினியின் குரல் கேட்டது.

"வாங்க தலைவரே. மேப்பிரிவு அத்தையும் வந்திருக்காங்களா?"

மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது. நாலு நாளுக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கினிகத்தேனைச் சித்தப்பா இன்னைக்கும் வரலையா?" என்று அவள் கேட்டபோது நாகலெட்சுமிக்கு வியர்த்தது.

பதில் எப்போது வரும் என்று லோஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயந்தினியின் தங்கை நிலக்ஷி தேத்தண்ணித் தட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"கண்ணு தொறந்திருந்த அப்பாவையும் அதை ஒளிக்காம எழுதுன மகனையும் கேட்டுட்டு அக்கா செவ்வாக்கெழமையே சரின்னுட்டாங்க," என்றாள். "இப்ப ரெண்டு பேரையுமே காணோம், நான் யாருக்குச் சரி சொன்னேன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."