மூங்கில் வளைவுப் பாதுகாப்புத் திட்டம்

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு ஜல்லி தள்ளுவதும் போல்ட் முடுக்குவதும் கீரிகளின் வேலை. மூங்கில் புதர் மறைத்த ஒரு வளைவில் ரயில் வருவது கடைசி நொடியில்தான் தெரியும். போன மழைக்காலத்தில் அங்கே ஒரு கீரி செத்துப்போனது.

நிர்வாகம் விழித்துக்கொண்டு ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை அமர்த்தியது. வந்தது சடையப்பன் என்ற ஓணான். வேலிக்குச் சாட்சி சொல்லிப் பிழைத்த பரம்பரை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது பிறவிக்குணம் என்பதால் இந்தத் தொழிலில் சீக்கிரம் முன்னுக்கு வந்திருந்தது. தனக்குத் தண்டவாளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை.

முதல் நாளே கீரிகளின் மேஸ்திரி முத்துப்பேச்சியிடம் என்ன செய்யலாம் என்று கேட்டது.

“அந்தப் புதரை வெட்டுனா போதும் சார். ரயில் வர்றது தெரியும், ஒதுங்கிக்குவோம்.”

அப்படியானால் நீங்களே வெட்டக் கூடாதா என்றது ஓணான். புதர் வேறு துறையின் சொத்து, ஏழு வருஷமாக மனுப் போடுகிறோம் என்றது முத்துப்பேச்சி.

ஓணான் தலையாட்டியது. கீரி சொல்வதுதான் சரி என்று அதற்குப் பட்டது. ஆனால் ‘புதரை வெட்டுக’ என்று ஒரே வரியில் அறிக்கை கொடுத்தால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் நூற்றெண்பது பக்கம் எழுதியது. அதன்படி, ரயில் நெருங்கினால் கத்தும் இடுப்புப் பட்டை கீரிகளுக்கு ஆளுக்கொன்று வந்து சேர்ந்தது.

பட்டை தும்பி பறந்தால் கத்தியது. சருகு விழுந்தால் கத்தியது. ரயிலுக்கு மட்டும் கத்தவில்லை. வளைவில் அதற்குச் சிக்னல் கிடைக்கவில்லை. கீரிகள் அதைக் கிளையில் மாட்டிவிட்டு வேலை பார்த்தன.

ஆய்வுக்குக் கோட்டப் பொறியாளர் யானை வந்தது. ஓணான் தானும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேறி நின்று, திரையை விரித்து, அறிக்கையை விளக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் யானைக்குப் பசித்தது. தும்பிக்கை புதருக்குப் போனது. மென்றபோது அசைந்த தலையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஓணான் இன்னும் விரிவாகப் பேசியது. தொண்ணூறாம் பக்கத்தில் புதர் இல்லை.

அப்போது ரயில் வந்தது. ஓணான் அதற்கு முதுகைக் காட்டி ‘பூஜ்ய விபத்து’ என்ற தலைப்பில் இருந்தது. இடுப்பில் பட்டை அமைதியாக இருந்தது. வெகுதூரத்திலேயே ரயிலைப் பார்த்துவிட்ட முத்துப்பேச்சி பாய்ந்து, வாலைப் பிடித்து இழுத்துப் போட்டது. தலைக்கவசம் சக்கரத்தில் நொறுங்கியது.

“பட்டை கத்தலையே,” என்றது ஓணான்.

“கத்தாது சார். நான் பாத்தேன்.”

அதன் பிறகு அந்த வளைவில் யாருக்கும் அடிபடவில்லை. காரணம் பட்டைதான் என்று நிர்வாகம் அறிவித்து, விருது கொடுத்து, காட்டின் எல்லா வளைவுகளுக்கும் திட்டத்தை நீட்டித்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓணான் மேடையேறியது. கைதட்டல் கேட்டதும் தலை தானாக ஆடிவிட்டது.

ஆனாலும் புது ஒப்பந்தத்தில் தன் கையாலேயே ஒரு நிபந்தனை சேர்த்தது: விளக்கவுரை ஒவ்வொரு வளைவிலும் நேரில் நடக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அதே யானைக்கு.

நீதி: உண்மையைச் சுருக்கிச் சொன்னால் மனுவாகும், நீட்டிச் சொன்னால் யாருக்காவது பசிக்கும்.