ஐயாதுரை மேடையேறிய கதை

மேற்கே மலைக்கு மேல் ஒரு மேகம் நின்றது. பெரிய மேகம் ஒன்றுமில்லை. எருமைக் கன்று அளவுதான் இருக்கும். அதைப் பார்த்ததுமே சௌந்தரபாண்டியன் மைக் செட் போடுகிறவரிடம் ஓடினார்.

"பாய், அது மழை மேகமா, சும்மா மேகமா?"

"மைக்கப் பத்திக் கேளுங்கண்ணே, சொல்லுதேன். மேகத்தப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் மைக் செட் அபுதாஹிர், ஒயரைப் பிரித்துக்கொண்டே.

சௌந்தரபாண்டியன் பகலில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஆபீஸ் கிளார்க். பொழுது சாய்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் இளந்தென்றல் கலை மன்றத்தின் செயலாளர். சம்பளம் அங்கே, உயிர் இங்கே. வருடா வருடம் மே மாதம் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் 'குடும்பத்தோடு வாருங்கள், அனுமதி இலவசம்' என்று கோடைக் கலைவிழா நடத்துவார். கரகம், கோலாட்டம், பிள்ளைகள் பாட்டு எல்லாம் முடிந்து கடைசியில் அவரே எழுதிய நாடகம்.

நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு தாய், பட்டாளத்துக்குப் போன மகனை நினைத்து அழுவாள். இரண்டாம் காட்சியில் மகன் வருவான். ஆனால் வந்ததில்லை. தாய் அழுது முடிப்பதற்குள் மழை வந்துவிடும். நாலு வருடமாக இதே கதை. அந்த அழுகை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். மகனாக நடிக்கும் ஐயாதுரைக்கு மீசை ஒட்டியதும் பிய்த்ததும்தான் மிச்சம்.

"ஏலே ஐயாதுரை, இன்னும் பட்டாளத்துலருந்து வந்துக்கிட்டேதான் இருக்கியா?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது.

போதாக்குறைக்கு, மன்றத் தலைவர் ஜவுளிக்கடை தனுஷ்கோடி போன வாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் பாதியில நின்னுச்சின்னா, விழாவுக்கு ஒரு கும்பிடு. மன்றத்துல கேரம் போர்டு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருப்போம்."

ஒரே ஒரு ஆறுதல், கூட்டம். வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போனது. சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பந்தலுக்குக் கம்பு வேண்டும் என்று வாய் திறக்கும் முன்னே கம்பு வந்து இறங்கியது. கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைக்கும்போதே சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கும். இப்பேர்ப்பட்ட ரசிகர்களுக்கு இரண்டாம் காட்சியைக் காட்டாமல் விடுவது பாவம் என்றே அவர் நினைத்தார்.

"ஆறு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம் பாய். இப்பவே ஆரம்பிச்சிருவோம். சொல்லிருங்க."

அபுதாஹிர் சொன்னார். குழாய் ஸ்பீக்கரில் சொன்னதால் நாலு ஊருக்கும் கேட்டு, சனம் ஓட்டமும் நடையுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. கோலாட்டப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் சடை பின்னி முடியவில்லை. சும்மா இருந்த மேடையைத் தனுஷ்கோடி பார்த்தார். மேடை அவரைப் பார்த்தது.

"சடை பின்னுத வரைக்கும் நான் ரெண்டு வார்த்தை பேசுதேன்" என்று ஏறியவர், தன் தாத்தா தலைச்சுமையாகத் துணி விற்ற காலத்திலிருந்து தொடங்கினார். அவர் தன் கல்யாணத்துக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் சடை பின்னி, பூ வைத்து, அதில் பாதிப் பூவை உதிர்த்தும் விட்டார்கள். எருமைக் கன்று இப்போது முழு எருமையாக வளர்ந்து நின்றது.

சௌந்தரபாண்டியன் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "பெரியோர்களே, தாய்மார்களே! வானம் இருட்டிக்கிட்டு வருது. எல்லாரும் எந்திரிச்சுப் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்துருங்க. விழாவை அங்க வச்சிக்கிருவோம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கண்மாய்க்குக் கீழே வானம் பார்த்த காடு வைத்திருக்கும் ராக்கப்பன்தான் எல்லாருக்குமாக எழுந்தார்.

"அதெப்பிடி அண்ணாச்சி? கண்மாய்க்கரையில நடத்துனாத்தான் விழா. ஹாலுக்குள்ள நடத்துனா அது மீட்டிங்கு!"

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. இதற்கு மேல் பேசினால் பேச்சிலேயே பொழுது போய்விடும் என்று சௌந்தரபாண்டியன் கோலாட்டத்தை ஆரம்பிக்கச் சொன்னார். அபுதாஹிரின் லாரித் தார்ப்பாயை இரவல் வாங்கி, மேடைக்கு மேலே தன் கையாலேயே இழுத்துக் கட்டினார். இனி வருணனே வந்தாலும் ஒரு கை பார்க்கலாம் என்று கீழே இறங்கி ஒரு சோடா குடித்தார்.

குடித்துவிட்டுத் திரும்பினால் தார்ப்பாயைக் காணோம். ராக்கப்பனும் இன்னும் ரெண்டு பேரும் அதை அவிழ்த்து, சேலை மடிப்பது போல மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா செய்யுதீக?"

"எதுக்கு அண்ணாச்சி வானத்த மறைச்சிக்கிட்டு? காத்தோட்டமா இருக்கட்டும்!"

சண்டை போட நேரமில்லை. குளிர்ந்த காற்று வேறு வீச ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இதை நாலு வருடமாக நினைக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டு, கோலாட்டத்தோடு மற்றதை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"பரிபூரணம்! நீ இன்னைக்கு அழ வேண்டாம். நேரா ரெண்டாம் காட்சி!"

தாய் வேஷத்தில் இருந்த பரிபூரணம் சேலைத் தலைப்பை உதறினாள். "நான் அழாம இவன் எதுக்கு வாரான்? லீவுலயா?"

"சரி, ஒரே ஒரு வரி அழு. போதும்."

அவள் ஒரு வரி அழுதாள். ஐயாதுரை மீசையைத் தடவியபடி, மேடைப் படியில் கால் வைத்தான். கீழே பெரிய கூச்சல் கிளம்பியது.

"அழுகை பத்தாது!"

"போன வருஷம் எம்புட்டு அழுதாக! முழுசா அழச் சொல்லுங்க!"

"முழுசா அழுதாத்தான் ஆச்சு!" என்று பெண்கள் பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

நடிகைக்கு இதைவிடப் பெருமை உண்டா? பரிபூரணம் நடு மேடையில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள். மகன் பிறந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. சௌந்தரபாண்டியன் பக்கவாட்டில் நின்று "போதும், போதும்" என்று கை காட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கடைசியில் ஒருவழியாக அழுது முடித்தாள். மழை வரவில்லை! சௌந்தரபாண்டியன் ஐயாதுரையை முதுகில் பிடித்துத் தள்ளினார். ஐயாதுரை பூட்ஸ் கால் அதிர மேடையேறினான். கையை விரித்தான்.

"அம்மா..."

மீதி வசனத்தை இடி வாங்கிக்கொண்டது. அடுத்த நொடி, வாளியைக் கவிழ்த்தது போல மழை கொட்டியது. மைக் ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது. ஒரு பக்க மீசை முதலில் போனது, மறுபக்கம் பின்னாலேயே போனது.

தனுஷ்கோடி துண்டால் தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "என்ன செயலாளரே, கேரம் போர்டு வாங்கிருவோமா?"

சௌந்தரபாண்டியன் நனைந்தபடியே மேடையின் முன்னால் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு குடும்பமாவது எழுந்து ஓடியிருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார். அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

"என்னைய மன்னிச்சிருங்க! அஞ்சு வருஷமா ஒங்கள ஏமாத்திப்புட்டேன். இனிமே சத்தியமா இந்த விழாவ நடத்த..."

"அய்யய்யோ, அப்பிடிச் சொல்லிராதீக அண்ணாச்சி!" ராக்கப்பன் சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க பந்தக்கால் ஊனுன மறுநாளே, ஒங்க விழா மழைய நம்பி, கீழ்க்காடு பூராம் புழுதியில வெதச்சுட்டுல்ல நாங்க வந்து உக்காந்திருக்கோம்!"