வாளியில் தெளிந்தது

கொட்டாஞ்சேனையில் கலக்கியாரைப் போன்ற தற்பெருமைக்காரர் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. தேநீரைக் கலக்கத் தொடங்கினால் ஆறும்வரை கலக்குவார். அதனால் அந்தப் பெயர். எங்கள் மார்க்கர் பேனாத் தொழிற்சாலையின் ரசாயனக்காரர். நான் பட்டம் பெற்ற மேற்பார்வையாளன்.

யுத்தகாலம். கப்பல் வருமா என்பதே சந்தேகம். கையிருப்பில் இருந்த கடைசிச் சாக்குப் பேனா முனைகளில் மெஷின் எண்ணெய் கொட்டிவிட்டது. நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் முனைகள் அவை. எண்ணெய் ஊறினால் மை ஏறாது. பள்ளிக்கூட ஓடர் தவறினால் தொழிற்சாலையையே பூட்டுவேன் என்றார் முதலாளி.

சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்தோம். வெளிப்புறம் பளபளத்தது, உள்ளே எண்ணெய் சௌக்கியமாக இருந்தது. கலக்கியார் மண்ணெண்ணெய் கேட்டார்.

"எண்ணெயை எடுக்க எண்ணெயோ, அண்ணை?"

"ஓம் தம்பி. உள்ள இருக்கிற எண்ணெயை அதின்ர சொந்தக்காரன் போய்க் கூப்பிட்டாத்தான் வெளியில வரும். ஆனா துளி துளைக்குள்ள போற அளவு சின்னனாகோணும். உலகத்திலேயே எனக்கு மட்டுந்தான் அது தெரியும்!"

அதற்கு வேண்டிய ஸ்பிரிட்டை மருதானையில் வாங்கித் திரும்புகையில் எங்களைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். போத்தலில் என்ன என்று கேட்டதுதான் சிப்பாய் செய்த பிழை. "மல்லி, சபன் கியன்னே..." என்று சிங்களத்தில் சவர்க்காரத்தின் பிறப்பிலிருந்து தொடங்கினார் கலக்கியார். கடைசியில், "யன்ன அய்யே, யன்ன!" என்று அவன்தான் எங்களைப் போகச் சொல்லிக் கும்பிட்டான்.

சவர்க்காரம், தண்ணீர், மண்ணெண்ணெய் மூன்றும் வாளியில் பாலாய் வெளுத்தன. அதில் ஸ்பிரிட்டை விட்டுக் கலக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் வந்து பார்த்தபோது வாளியில் கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். சவர்க்காரக் கலவை வெளுத்து நுரைக்க வேண்டும் என்பது என் படிப்பு. யாரோ வாளி கழுவிய தண்ணீர் என்று சாக்கடைக் கானில் கவிழ்த்தேன். கட்டிடம் முழுக்க மண்ணெண்ணெய் மணத்ததால் மூக்கும் உதவவில்லை.

"ஐசே! தெளிஞ்சாத்தானே வெற்றி! துளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னனாகீட்டுதெண்டு அர்த்தம்!" என்று வெறும் வாளியைப் பார்த்துக் கத்தினார் கலக்கியார்.

அன்றைய வெட்கம் இன்னும் போகவில்லை. மிஞ்சிய ஸ்பிரிட்டில் மறுபடி கலக்கினார். மறுபடி தெளிந்தது. ஊறிய முனைகளைக் கழுவிக் காயவைத்தோம். முதல் முனை தாகமெடுத்த மாடுபோல் மையைக் குடித்தது. முதலாளியின் வெள்ளைச் சுவரில் ஊதா நிறத்தில் நெடுங்கோடு இழுத்தார் கலக்கியார். தொழிற்சாலையே கூவியது.

"பிறகேன் ஐசே இவ்வளவு பிந்தினது?" என்று கேட்டார் முதலாளி. நான் வாயைத் திறக்குமுன் கலக்கியார் முந்திக்கொண்டார்.

"முதல் வாளி என்ர கை தவறிக் கவிண்டிட்டுது, சேர்."

வாழ்நாளில் அந்த மனிதர் தன்னைக் குறைத்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதுவும் எனக்காக.